உலு லங்காட் எலியும் வியன்னா ஊசியும்

மலாக்காத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு உண்ணியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த குடும்பங்கள் ஏராளம். பால் மரம் இருந்த காலத்திலும் சரி, செம்பனை வந்த பிறகும் சரி, மேய்ந்து திரும்பும் மாட்டின் காதோரத்திலும் மடியிலும் உண்ணி பொறுக்குவது பிள்ளைகளின் மாலை வேலை. சில நேரம் அது மனிதர் மேலும் ஏறும். பிடுங்கி எறிந்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில்லை.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கும் போலந்துக்கும் செக் நாட்டுக்கும் போகிறார்கள். வேலைக்காக ஆஸ்திரியா, ஜெர்மனி போகிறவர்களும் உண்டு. புறப்படும் முன் பயண மருத்துவரைப் பார்த்தால் அவர் சொல்லும் பட்டியலில் 'டிபிஇ தடுப்பூசி' என்று ஒன்று இருக்கும். உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சலுக்கான ஊசி அது. உண்ணிக் கடியிலேயே வளர்ந்த நமக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில் பாதி ஐரோப்பாவில் கிடைக்கிறது. மறு பாதி, மலாக்காவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில், சிலாங்கூரின் உலு லங்காட் காட்டில் கிடைக்கிறது.

ஒரு நோய், மூன்று முகங்கள்

1931-இல் ஆஸ்திரியாவின் நொய்ன்கிர்ஷன் ஊர் மருத்துவர் ஹான்ஸ் ஷ்னைடர், கோடையில் மட்டும் தலைகாட்டும் ஒரு விநோதமான மூளையுறைக் காய்ச்சலைப் பற்றி எழுதினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, சோவியத் நாட்டின் தூரக் கிழக்குக் காடுகளில் மரம் வெட்டப் போனவர்களும் படைவீரர்களும் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். 1937-இல் லெவ் சில்பர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அங்கே போனது. சில மாதங்களிலேயே வைரஸைப் பிரித்தெடுத்து, அதைச் சுமப்பது காட்டு உண்ணிதான் என்றும் நிறுவியது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. குழுவிலிருந்த மிகயீல் சுமாக்கோவுக்கே நோய் தொற்றியது. செவித்திறனையும் ஒரு கையின் இயக்கத்தையும் இழந்த அவர், பிற்காலத்தில் சோவியத் நாட்டின் போலியோ தடுப்பு மருந்துப் பணிக்குத் தலைமை தாங்கினார். வைரஸைக் கண்டுபிடித்த சில்பரை அதே ஆண்டு ஸ்டாலின் அரசு கைது செய்தது.

இந்த வைரஸில் மூன்று முக்கிய வகைகள் உண்டு: ஐரோப்பிய வகை, சைபீரிய வகை, தூரக் கிழக்கு வகை. ஐரோப்பிய வகையில் நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ இறக்கிறார்கள். தூரக் கிழக்கு வகையில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இறந்ததாகவும் பதிவுகள் உள்ளன. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கைகால் பலவீனம், நினைவுத் தடுமாற்றம், ஓயாத தலைவலி மிஞ்சுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 10,000 முதல் 12,000 பேருக்கு இந்நோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலைத் தணிப்பது, மூச்சுக்குத் துணை செய்வது, காத்திருப்பது, இவ்வளவுதான் சிகிச்சை.

நோய் வரும் விதமும் ஏமாற்றக்கூடியது. ஐரோப்பிய வகையில், கடித்து ஓரிரு வாரத்தில் சாதாரணக் காய்ச்சலும் உடல்வலியும் வரும். சில நாட்களில் இறங்கிவிடும். ஆள் எழுந்து நடமாடுவார். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, ஒரு பகுதியினருக்குக் காய்ச்சல் திரும்பும். இந்த முறை கழுத்து விறைக்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். அதற்குள் பயணம் முடிந்து ஊர் திரும்பியிருந்தால், உள்ளூர் மருத்துவருக்கு ஐரோப்பிய உண்ணியைப் பற்றிய நினைப்பே வராது. போய் வந்த இடத்தை நோயாளியின் வீட்டார்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உண்ணிக்குக் கண் பெரிதாகப் பயன்படுவதில்லை. முன்னங்காலில் உள்ள ஹாலர் உறுப்புதான் அதற்கு வழிகாட்டி. நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் அது உணர்கிறது. புல்நுனியில் காலை விரித்துக் காத்திருக்கும் உண்ணி, உரசிச் செல்லும் எதையும் பற்றிக்கொள்ளும். எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருளும் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருப்பதால் கடித்தது தெரியாது. வைரஸ் அந்த எச்சிலிலேயே இருக்கிறது. ஆகவே கடித்த சில நிமிடங்களிலேயே உடலுக்குள் போய்விடலாம். ஐரோப்பிய உண்ணி பரப்பும் லைம் நோய்க்கிருமி உடம்பில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும்; உடனே பிடுங்கினால் தப்பலாம். டிபிஇ வைரஸிடம் அந்த அவகாசம் கிடையாது.

இன்னொரு வழியும் உண்டு. நோய் தொற்றிய ஆடு, மாட்டின் காய்ச்சாத பால். 1951-இல் ஸ்லோவாக்கியாவின் ரோஷ்னாவா நகரில் பச்சை ஆட்டுப்பால் கலந்து விற்றதில் 600-க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காத நம் வீட்டுப் பழக்கத்தை அங்கே போனாலும் விட்டுவிடக் கூடாது.

உலு லங்காட், 1956

கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டது. 1950-களில் அங்கே பணியாற்றிய சார்ல்ஸ் எட்வர்ட் கார்டன் ஸ்மித் என்ற வைரஸ் ஆய்வாளர், மலாயாக் காடுகளில் என்னென்ன வைரஸ்கள் சுற்றுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். உலு லங்காட் வனக்காப்பகத்தில் பிடித்த காட்டு எலிகளின் மேல் இருந்த உண்ணிகளை அரைத்து, சாற்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். சுண்டெலிகள் நோயுற்றன. அவற்றில் கிடைத்த புதிய வைரஸ், ரஷ்யக் காடுகளின் மூளைக்காய்ச்சல் வைரஸை நெருக்கமாக ஒத்திருந்தது. 1956-இல் நேச்சர் இதழில் செய்தி வெளியானது. லங்காட் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் மாதிரிக்கு டிபி-21 என்று அடையாளம்.

பனி விழாத, ரஷ்ய உண்ணி வாழவே முடியாத மலாயாவில் அதன் வைரஸுக்கு ஒரு பங்காளி இருந்தது முதல் வியப்பு. அதைச் சுமந்தது இக்சோடஸ் கிரானுலேட்டஸ் என்ற உண்ணி. ஐரோப்பாவில் டிபிஇ பரப்பும் இக்சோடஸ் ரிசினஸுக்கு நெருங்கிய இனம். ஆனால் இது காட்டு எலிகளோடு வாழ்வது. நம் மாட்டின் மடியில் ஒட்டும் உண்ணி வேறு. நாய் உண்ணியும் வேறு. இரண்டாவது வியப்பு இன்னும் பெரிது. இந்த வைரஸ் இயற்கையாகத் தொற்றி ஒரு மனிதருக்கும் நோய் வந்ததாகப் பதிவில்லை.

தோட்டத்தில் உண்ணி கடித்தும் நமக்கு மூளைக்காய்ச்சல் வராமல் இருந்ததற்கு விளக்கம் இவ்வளவுதான். நம் உடம்பு உண்ணிக்குப் பழகிவிட்டது என்பதால் தப்பிக்கவில்லை. நம் ஊர் உண்ணியிடம் அந்த வைரஸே இல்லை. மெர்லிமாவில் நூறு முறை கடிபட்டவரும் பிராகாவின் புறநகர்க் காட்டில் முதல் கடியில் நோயுறலாம்.

சாதுவான பங்காளியை ஊசியாக்கிய கதை

மனிதருக்குத் தீங்கு செய்யாத வைரஸ் ஒன்று, கொடிய வைரஸுக்கு நெருங்கிய உறவாக அமைந்தால் விஞ்ஞானிகளுக்கு உடனே ஒரு பெயர் நினைவுக்கு வரும்: எட்வர்ட் ஜென்னர். 1796-இல் அவர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். டிபிஇ-க்கு லங்காட் ஏன் மாட்டம்மையாகக் கூடாது?

சோவியத் ஆய்வாளர்கள் அனதோலி ஸ்மொரோதின்த்செவும் அவரது குழுவினரும் மலாயா டிபி-21 மாதிரியை எடுத்து உயிருள்ள தடுப்பூசியாகச் சோதித்தார்கள். 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அவர்களின் அனுபவம் வெளியானது. பிறகு லங்காட்டிலிருந்து பக்குவப்படுத்திய ஒரு வகையை ஏறக்குறைய 650,000 பேருக்குப் போட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சராசரியாக 18,570 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஊசியே மூளைக்காய்ச்சலைக் கொண்டுவந்தது. கணக்குப் போட்டால் சுமார் 35 பேர். நோயில்லாத ஒருவரைக் காக்கப் போட்ட ஊசி இந்த அளவில் அந்நோயையே தருவதை ஏற்க முடியாது. அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு சோதனையும் இதையே சொன்னது. 1966-இல், குணமாக்க முடியாத நிலையிலிருந்த 28 புற்றுநோயாளிகளுக்கு லங்காட் வைரஸையும் அதன் இந்தியப் பங்காளியான கியாசனூர் காட்டு நோய் வைரஸையும் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லுமா என்பது எதிர்பார்ப்பு. நால்வருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காட்டில் மனிதரை விட்டுவைத்த வைரஸ், ஊசி வழியே போதுமான அளவில் உள்ளே போனால் அதே குணத்தோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. உலு லங்காட் கற்றுத்தந்த பாடம் இது: உயிருள்ள உறவுக்கார வைரஸை நம்பக் கூடாது.

மணிப்பாலுக்குப் பின்னாலுள்ள மலை

அந்த இந்தியப் பங்காளிக்கும் மலாக்காவுக்கும் தொடர்பு உண்டு. 1997-இல் மலாக்காவின் புக்கிட் பாருவில் மலாக்கா-மணிப்பால் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மாணவர்கள் படிப்பின் முதல் கட்டத்தைக் கர்நாடகத்தின் மணிப்பாலில் முடித்துவிட்டு மலாக்காவுக்குத் திரும்புவது அப்போது அதன் ஏற்பாடாக இருந்தது. அப்படிப் போய்ப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. மணிப்பாலிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை ஏறினால் அகும்பே. மழைக்கும் அருவிக்கும் பெயர்போன இடம். மாணவர்கள் விடுமுறைக்கு விரும்பிப் போவது. அது சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கிறது.

அதே மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்துக் கிராமத்தினர் கடும் காய்ச்சலிலும் இரத்தக் கசிவிலும் படுத்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று முதலில் அஞ்சினார்கள். புனே வைரஸ் ஆய்வு மையத்தினர் ஆராய்ந்தபோது அது உண்ணி பரப்பும் புது வைரஸ் என்று தெரிந்தது. டிபிஇ குடும்பத்தைச் சேர்ந்தது. கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். ஊரில் குரங்குக் காய்ச்சல் என்பார்கள். 2012-13-இல் பண்டிப்பூரிலும், அதை ஒட்டிய நீலகிரி, வயநாட்டுக் காடுகளின் குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 2019-இல் சாகர் வட்டத்தின் அரளகோடு பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோயுற்றவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள்.

உறவு நெருங்கியதுதானே என்று, ரஷ்ய மூளைக்காய்ச்சலுக்காகச் சுண்டெலி மூளையில் தயாரித்த தடுப்பூசியை 1958-59-இல் சிவமொக்கா மக்களுக்குப் போட்டார்கள். பலன் இல்லை. பிறகு இந்தியா தனக்கென்று ஒரு தடுப்பூசி செய்துகொண்டது. காலப்போக்கில் அதன் ஆற்றலும் போதவில்லை என்று தெரிந்து, 2022-இல் அதை நிறுத்தினார்கள். ஆக, ஐரோப்பாவுக்குப் போட்டுக்கொண்ட டிபிஇ ஊசி அகும்பேயில் காக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் போவதைத் தவிர்ப்பது, உண்ணி விரட்டும் எண்ணெய் பூசுவது, செத்த குரங்கு கிடக்கும் இடத்தை நெருங்காமல் சுகாதாரத் துறைக்குச் சொல்வது ஆகியவைதான் வழி.

வியன்னாவில் கொன்ற வைரஸ்

உயிருள்ள வைரஸ் ஆகாதென்றால், கொன்ற வைரஸ்? 1970-களின் தொடக்கத்தில் வியன்னாவின் கிறிஸ்தியான் குன்ஸ், இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் நுண்ணுயிர் ஆய்வகத்தோடு சேர்ந்து அதைச் செய்தார். அந்த ஆய்வகத்துக்கு 1960-களில் இயக்குநராக இருந்தவர், உலு லங்காட்டில் எலிகளின் உண்ணியைத் தேடிய அதே கார்டன் ஸ்மித்.

கோழிக்கரு செல்களில் டிபிஇ வைரஸை வளர்த்து, ஃபார்மலின் கொண்டு அதைக் கொன்று, தூய்மைப்படுத்தி, அலுமினிய உப்போடு சேர்ப்பது முறை. வைரஸின் மேலுறைப் புரதத்தை உடல் அடையாளம் கண்டு அதற்கெதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. வைரஸ் செத்துவிட்டதால் ஊசியே நோய் தரும் ஆபத்து இல்லை. மூன்று டிபிஇ வகைகளின் உறைப் புரதமும் பெருமளவு ஒன்றுபோல் இருப்பதால் ஒரே ஊசி மூன்றுக்கும் உதவுகிறது. ஆஸ்திரியா 1981-இல் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டிருந்த நாட்டில் எண்ணிக்கை சடசடவென இறங்கியது. ஊசி பரவலாகப் போடாத அண்டை நாடுகளில் அப்படி இறங்கவில்லை. அமெரிக்க அரசு 2021-இல் பயணிகளுக்காக இந்த ஊசிக்கு அனுமதி அளித்தது.

பெயர் ஒன்று, காரணம் வேறு

எந்த ஊசியானாலும், நோய்க்குக் காரணமான வைரஸ் எது என்று சரியாகத் தெரிந்தால்தான் பயன். மலாக்காவுக்கு அடுத்த நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் சாய்ந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுப் புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே அது பன்றியிடமிருந்து தொற்றும் நிப்பா என்று உலகுக்குத் தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். தவறான வைரஸுக்கான நல்ல ஊசி, ஊசி போடாததற்குச் சமம். அதைவிட மோசம் என்றும் சொல்லலாம். பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற பொய்த் தைரியம் பன்றியைத் தொடுவதை நிறுத்தவிடாது.

தோட்டத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய கடி இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு பரப்பும் புதர்க் காய்ச்சல் அது. செம்பனைத் தோட்டத் தொழிலாளரிடையே அதை மருத்துவ ஆய்வுக் கழகத்தினர் 1920-களிலேயே ஆராய்ந்தார்கள். 1948-இல் கோலாலம்பூரில், குளோரம்பெனிக்கால் மருந்து அதைக் குணப்படுத்தும் என்று உலகில் முதன்முதலாகக் காட்டினார்கள். அதே சோதனையில்தான் அம்மருந்து டைபாய்டையும் தீர்க்கும் என்பது தெரியவந்தது. புதர்க் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் மருந்து உண்டு. தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு தெரிந்தால், மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாருக்கு ஊசி வேண்டும்?

மலாக்காவில் இருப்பவருக்கு டிபிஇ ஊசி தேவையில்லை. மாட்டு உண்ணி, நாய் உண்ணி எது கடித்தாலும் தேவையில்லை. ஐந்து நாள் வியன்னா, பிராகா நகரச் சுற்றுலா போய்த் தேவாலயம், அரண்மனை பார்த்துத் திரும்புகிறவருக்கும் பொதுவாகத் தேவையில்லை. டிபிஇ உள்ள வட்டாரத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை காட்டுப்பாதையில் நடப்பவர், கூடாரம் அடிப்பவர், காளான் பறிக்கப் போகிறவர், பண்ணையிலோ காட்டிலோ வேலை செய்பவர், அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிப்பவர் ஆகியோருக்குத் தேவை. மருத்துவ மாணவர்கள் இந்தக் கடைசி வகை. முதல் ஆண்டில் விடுதிக்கும் வகுப்புக்கும் மட்டும் நடப்பவர்கள், இரண்டாம் ஆண்டில் நண்பர்களோடு மலையேறப் போவார்கள்.

அடிப்படைத் தொகுப்பு மூன்று ஊசி. முதல் ஊசிக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் இரண்டாவது. அதற்குப் பிறகு, ஊசியின் வகையைப் பொறுத்து, ஐந்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்றாவது. அவசரமானால் இரண்டாவதை இரண்டு வாரத்தில் போடும் முறையும் உண்டு. இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் ஆனால்தான் நம்பத்தக்க பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே பயண மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உள்ளூரில் ஊசி கிடைக்காவிட்டால், போய்ச் சேர்ந்ததும் குளிர்காலத்திலேயே அங்கே தொடங்கிவிடலாம். உண்ணி விழிக்கும் முன் இரண்டு ஊசி முடிந்துவிடும். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டவரும் காட்டுக்குப் போனால் நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். லைம் நோய்க்கு இந்த ஊசி எந்தப் பாதுகாப்பும் தராது. திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் தேட வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சிகரெட்டால் சுடுவதும் தவறு. அது எச்சிலை இன்னும் கக்கிவிடும். நுனி கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். கடித்த தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் அந்தத் தேதியையும் ஊரையும் சொல்லுங்கள்.